இழைத்தெடுத்த கீறல்கள்

எண்பதுகளின் நடுவில், ஆக்லாந்தில் நான் வேலைசெய்த கட்டட அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் தனிப்பொறுப்பு ஒரு பழைய மரவீடு. வீதியை அகலிக்க அதை இடிப்பதாக இருந்தது. அமெரிக்கக் கப்டன் ஒருவர் அதைத் கழற்றித் துண்டுதுண்டாகக் கப்பலில் ஏற்றி வந்து இங்கே திரும்பப் பொருத்திப் பூட்டினார் என்பது வீட்டுக்காரியின் குடும்பக் கதை. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாள். அந்தக் கதைக்குக் கட்டடத்திலேயே ஆதாரம் காட்டினால் வீதியை வளைக்கலாம் என்று நகரசபை சொல்லியிருந்தது. அவர்கள் பார்க்க வருமுன் வீட்டைப் பழுதும் பார்க்கவேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் கல்வீட்டில் வளர்ந்து, கொங்கிரீட் படித்தவள். மூன்று நாள் அறை அறையாகப் போய்ப் பட்டியலிட்டேன். கூரைத் தகரத்தில் துரு. குசினித் தரையில் உக்கிப்போன பலகை. எல்லாத் தூண்களிலும், பொருத்துக்குப் பக்கத்தில், உளிக் கீறல்: இழைத்துச் சீராக்கவும்.

தச்சர்கள் இழைத்தார்கள். சுத்தமான வேலை.

அலுவலகத்தில் படம் வரைகிற மலேசியத் தமிழர் என் பட்டியலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கீறல் எப்படிம்மா இருந்துச்சு? கோணல்மாணலாவா?"

"இல்லை அண்ணை, நேர்க்கோடுகள். ஒரு தூணில ரெண்டு, அடுத்ததில மூண்டு…"

சொல்லும்போதே பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"அது நம்பரும்மா! எந்தத் தூண் எங்க நிக்கணும்னு வெட்டுனது. நம்பர் இல்லாம கழட்டுன வீட்டை எப்படி மாட்டுவான்? ஊரே அந்த வீட்டுக்குப் பாஸ்போர்ட் தேடுது, நீங்க அதைச் சீவிப் போட்டுட்டீங்களே!"

அடுத்த நாள் விடிய, நான் குடியிருந்த சான்ட்ரிங்ஹாமிலிருந்து முதல் பஸ்ஸில் அந்த வீட்டுக்குப் போனேன். டோர்ச் பிடித்து ஒவ்வொரு தூணாகத் தடவினேன். கூரைக்குள் ஏறினேன், தரைக்குக் கீழே ஊர்ந்தேன். 'எல்லாத் தூண்களிலும்' என்று எழுதியிருந்தேன், தச்சர்கள் ஒன்றையும் விடவில்லை. படமும் எடுத்து வைக்கவில்லை. மரச்சீவல்களைத் தச்சர்கள் எரித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவர் வழவழத்த தூணில் கை வைத்தார்.

"இங்கிருந்த கோடுகளில் விரல் வைத்துத்தான் எண்ணப் பழகினேன்" என்றார். "நீ சுரண்டச் சொன்னபோது, படித்தவள், தெரிந்துதான் சொல்கிறாய் என்று நினைத்தேன்."

நடந்ததை ஒளிக்காமல் நகரசபைக்கு எழுதினேன். அவரும் எழுதினார். கட்டடத்தில் ஆதாரம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டை இடிக்குமுன் அவரை நகரின் தெற்கே, பாபடோயிட்டோயில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாற்றினார்கள். பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார்.