கதவு எண் இல்லாத கொட்டகை

எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு நான்கு படிகள். துபாய் பாய் ஒரு நாளும் அவற்றில் ஏறியதில்லை. கீழே தெருவில் சக்கர நாற்காலியில் இருந்தபடி "தம்பி" என்று குரல் கொடுப்பார். நான் இறங்கிப் போவேன். எண்பதுகளின் கடைசி அது. துபாயில் சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு கால்களும் செயலற்றுப் போய், மரக்காணத்துக்கே திரும்பியிருந்தார். அன்றைக்கு மடியில், தான் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். வாசலில் பென்சிலால் ஒரு சரிவுப் பாதை. சுவரை ஒட்டிப் போய், திரும்பி, கதவுக்கு வந்து சேர்ந்தது. "மூணடி ஒசரத்துக்கு முப்பதடி நீளம் வேணும்பா. அப்பத்தான் யாரும் தள்ளாம நானே ஏறுவேன். அங்க ஆஸ்பத்திரில அப்படித்தான் இருந்துச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கட்டட அனுமதி பார்க்கிற குமாஸ்தா நான். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் உப்பளத்துக் கரை உடைந்தால் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும் என்பதால், வீட்டின் தரை மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வாசலில் ஐந்தடி காலியிடம் விட வேண்டும். அதில் படிக்கட்டு தவிர வேறு எதுவும் கட்டக்கூடாது என்பதும் விதி. ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு கதவு எண். இதை எழுதிய புண்ணியவானுக்குத் தெரிந்த குடும்பத்தில் எல்லோருக்கும் நடக்கிற கால்கள் இருந்திருக்கும். படி என்று எழுதியவர் சரிவு என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதவில்லை. நான் அந்தச் சரிவைச் சிவப்பு மையால் அடித்தேன். மேலே எழுதிக் கேட்டிருக்கலாம். எவன் கேட்டான்? வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். மேலதிகாரி என்றால் பயம்.

படிக்கட்டோடு வீடு எழும்பியது. அவர் வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். "உப்பு மூட்ட மாதிரி தூக்குறானுங்க தம்பி. தொழுகைக்குப் போறதுக்குக் கூட ஆளு தேட வேண்டியிருக்குது" என்று ஒரு நாள் கண் கலங்கினார். எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். உப்பு அடுக்கும் கொட்டகைக்கு எங்கள் ஊரில் எந்த விதியும் கிடையாது. தரை உயர்த்த வேண்டாம், இடம் விட வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். "பின்னாடி கொட்டகைன்னு எழுதிக் கொடுங்க பாய். உள்ள நீங்க இருந்துக்கோங்க, யாரு கேக்கப் போறா?" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

தெருமட்டத்தில் தரை போட்டு, கட்டிலும் ஜன்னலும் வைத்துக்கொண்டார். பக்கத்துச் சந்து வழியாகத் தானே சக்கரத்தை உருட்டிப் பள்ளிவாசலுக்குப் போனார், டீக்கடைக்குப் போனார். எதிரில் என்னைக் கண்டால் கையைத் தூக்கிச் சலாம் சொல்வார். எட்டு மாதம். அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தன் தங்கையின் பிரசவத்துக்காகப் பக்கத்து ஊரான பிரம்மதேசம் போயிருந்தார். அன்றே திரும்ப வேண்டியவர், சாலை அறுந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். விடிகாலையில் உப்பளத்துக் கரை உடைந்தது. எக்கியார்குப்பத்து மீனவர்கள் கட்டுமரங்களோடு உதவிக்கு வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் தெருக்கள் தெரியாது. "ஏம்பா, ரெஜிஸ்டர பாத்து நம்பர் உள்ள வீட்ட எல்லாம் எழுதிக் குடு" என்றார் அதிகாரி. எழுதினேன். வரிசையாக, அழகான கையெழுத்தில். அந்த நேரத்தில் எனக்கு அவர் நினைவே வரவில்லை. இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. பாய் வீட்டு எண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தது. கட்டுமரம் போயிருக்கிறது; முன்வீட்டில் பூட்டு. ஆளில்லை என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மத்தியானம் யாரோ குரல் கேட்டுப் பின்பக்கம் போயிருக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீரில், ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஓடினேன். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. "கட்டுமரம் எங்க வாசலுக்கு வந்துச்சு தம்பி. கூப்ட்டேன், கேக்கல போல" என்றார். கோபமே இல்லை. ரெண்டு அறை விட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

காய்ச்சல் இறங்கவில்லை. நாலாம் நாள் மௌத்தாகிவிட்டார்.

இப்போது கட்டட விதிகள் மாறிவிட்டன. வாசலில் சரிவு கட்டலாம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மனையில் இரண்டு குடும்பம் இருக்கலாம், பின்கட்டுக்குத் தனிக் கதவு எண் வாங்கலாம். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். நல்லதுதான், இனி வருகிறவர்களாவது பிழைப்பார்கள் என்று நினைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

பாய் போன அந்த வருஷம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஆகட்டும், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா முடியட்டும் என்று வீட்டார் தள்ளிப்போட்டு, ஐந்தாம் மாதம்தான் அக்கா இறப்புச் சான்றிதழுக்கு வந்தார். நான்கு படியும் ஏறி, என் மேசைக்கு எதிரே நின்றார். படிவத்தில் இறந்தவர் வசித்த வீட்டின் கதவு எண் என்று ஒரு கட்டம். முன்வீட்டு எண்ணை எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"அதுல அவரு இல்லியே தம்பி" என்றார் அக்கா. "கொட்டகைன்னே எழுதுங்க."