பொட்டு வைத்த மானிட்டர்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்பவர் அவர். நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமப் பொட்டு. கடைச் சாமான்களுக்கும் பொட்டு வைத்திருந்தார். நான் எடுத்த மானிட்டரின் சட்டத்தில், கீழ் மூலையில், ஒரு பொட்டு இருந்தது. பக்திமான், ஏமாற்றமாட்டார் என்று நினைத்து, பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி விழுப்புரம் வந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தூசு துடைத்தபோது பொட்டு அழிந்தது. அடியில் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு எரிச்சலோடு மறுபடி பஸ் ஏறினேன்.

“பொட்டு வெச்சு மறைச்சிட்டீங்களே,” என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. “மறைக்கலீங்க. அடிபட்ட எடத்துலதான் பொட்டு வைப்பேன். வழக்கமா வர்றவங்க பொட்டு இல்லாததா பாத்து எடுத்துக்கினு போவாங்க.”

அலமாரியைப் பார்த்தேன். பாதிச் சாமான்களில் பொட்டே இல்லை. ஒரு சி.பி.யூ. கேபினெட்டில் மட்டும் மூன்று பொட்டு.

“எனக்கு அது எப்படிங்க தெரியும்?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கும்பிட்டுக்கினு நின்னீங்க. நடுவுல நான் எப்படிப் பேசறது? வாணாம்னா வெச்சிட்டுப் போங்க, காசு தர்றேன்.”

ஒரு வாரமாகப் படம் தெளிவாகத்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் திரும்பும்போதுதான், அவர் நெற்றியில் அவ்வளவு பெரிய பொட்டு எதற்கு என்று தோன்றியது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.