ஏழாம் குழாயின் பூட்டு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘சுத்தம்’. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இருபது வருஷமாக அழுக்கைத் தேடிப் பிழைத்தவருக்கு இந்தப் பட்டம்.

பட்டத்துக்குத் தகுதியானவர்தான். குழாயில் தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறுவதைத்தான் எடுப்பார். “நின்ன தண்ணி பொய் சொல்லும்” என்பார். விரல் நீளக் கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவார். கடுகளவு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒரு குப்பிக்கு ஒரு ஜோடி கையுறை. மனைவி பரிமாறும்போதும் தட்டைத் திருப்பிப் பார்ப்பார் என்று சொல்வார்கள். அது பொய், கரண்டியைத்தான் பார்ப்பார்.

தெருமுனைப் பெட்ரோல் பங்கில் மண்ணுக்குள் புதைத்திருந்த டாங்கி ஓட்டையாகி, கசிந்த பெட்ரோல் வீடுகளின் அடியில் போய்ச் சேர்ந்தது. டாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சும் இயந்திரத்தை இரண்டு வருஷம் ஓட்டினார்கள். தெரு நெடுகக் கண்காணிக்க ஏழு குழாய்கள் இறக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை. தொடர்ந்து நான்கு முறை தேறினால் அந்த வீட்டுக்குச் சான்றிதழ். ஆறு குழாய்கள் தேறிவிட்டன. தையல்காரம்மாவின் கொல்லையில் இருந்த ஏழாவது மட்டும், மக்குப் பிள்ளை மாதிரி, மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருந்தது.

சான்றிதழ் இல்லாத வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள். வீட்டை விற்றால்தான் அந்த அம்மா தங்கை இருக்கும் ஊருக்குப் போக முடியும். தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. கூட ஆள் கிடையாது.

அவர் தண்ணீர் எடுக்க வரும் நாள்களில் தங்கை ஃபோனில் இருப்பாள். அக்கா தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசுவாள்.

“என்னக்கா, உன் கிணத்துக்கு ஜுரம் இறங்கிச்சா?”

“டாக்டர் வந்திருக்காருடி. இப்பத்தான் கையுறை மாட்டுறாரு.”

“அவருகிட்ட சொல்லு, நான் போறதுக்குள்ள ஒரு தடவை பாஸ் போடச் சொல்லி.”

“வாயைக் கழுவுடி!”

அவர் சிரிக்கமாட்டார். வேலை நேரத்தில் சிரித்தால் எச்சில் தெறிக்கும்.

ஏழாம் குழாய் ஏன் தேறவில்லை என்று நிபுணர்கள் நாற்பது பக்கம் எழுதினார்கள். களிமண் அடுக்குக்குள் பெட்ரோல் ஒளிந்திருக்கிறது என்றது அறிக்கை. உறிஞ்சும் இயந்திரத்தை அந்த அம்மாவின் கொல்லைக்கே கொண்டுவந்து ஒரு வருஷம் அலறவிட்டார்கள். ஃபோனில் தங்கை சொல்வது பாதி காதில் விழாமல் போனது.

அந்த வருஷம் நவம்பரில் ‘சுத்தம்’ தன் குளியலறையில், தானே தேய்த்துப் பளபளப்பாக்கிய தரையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு மேல் படுக்கை. ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி அவருக்குப் பதிலாக வந்தாள். ஏழாம் குழாயின் பூட்டு துருவேறித் திறக்கவில்லை. துவைக்கிற கல் பக்கத்தில் இருந்ததால் எப்போதும் ஈரம். அவள் பூட்டை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். அந்த முறை தண்ணீரில் பெட்ரோல் இல்லை. மூன்று மாதம் கழித்தும் இல்லை.

காலை இழுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், குழாய்களை ஒரு சுற்று பார்க்கப் போனவர் ஏழாவதன் முன் பைக்குள் கையை விட்டு, புதுப் பூட்டைப் பார்த்து அப்படியே நின்றார். கையில் ஒரு சின்ன மருந்து பாட்டில். அதில், வண்டியிலிருந்து உறிஞ்சி வைத்த பெட்ரோல். துருப்பூட்டு இளக ஒவ்வொரு முறையும் நாலு சொட்டு விட்டிருந்தார். எண்ணெய் போடக் கூடாது என்று விதிப்புத்தகம் சொன்னது. அவர் எண்ணெய் போடவில்லை. பெட்ரோல் ஆவியாகிவிடும் என்று நம்பினார். பூட்டைத் தொட்ட கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டிக்கொண்டார். சொட்டுகளோ மூடியின் இடுக்கு வழியாகக் குழாயின் உள்சுவரில் இறங்கி, தண்ணீர் மொள்ள ஏறி இறங்கிய கயிற்றில் ஒட்டி, குப்பிக்குப் போயின. நாலு குடம் தண்ணீரைக் கெடுக்க ஒரு சொட்டு போதும்.

மேலதிகாரியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: “சார், ஏழுல பழைய ரிசல்ட்டெல்லாம் தப்புன்னு ஆனா?”

“பழசைக் கிழிச்சிட்டு, இந்த ரெண்டே போதும்னு இன்னைக்கே ஃபைலை மூடிடலாம். ஏன்?”

“சும்மாதான்.”

“உங்க கையில தப்பா? தண்ணி பொய் சொன்னாலும் சொல்லும், நீங்க சொல்லமாட்டீங்கய்யா.”

அவர் சொல்லவில்லை. அன்று சாப்பாட்டில் கரண்டியைக்கூடப் பார்க்காததால் மனைவிக்குச் சந்தேகம் வந்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“இன்னும் ரெண்டு தடவைதானே எடுக்கணும்? ஆறே மாசம். மூணு வருஷம் பொறுத்தவங்களுக்கு இது ஒரு ஜாக்கெட் தைக்கிற நேரம். பேரைக் கெடுத்துக்காதீங்க.”

ஆறு மாதம் என்பது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்த அளவு. மூன்றாவது சோதனை தேறியது. ஐந்தாம் மாதம் தங்கை செத்துப்போனாள். ஆறாம் மாதம் நான்காவதும் தேறியது.

சான்றிதழை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம், விதி அனுமதிக்கிறது. தையல் மிஷின் மூடிக் கிடந்தது.

“கண்ணு மங்கிடுச்சு தம்பி, ஊசி கோக்க முடியல. வீட்டை விக்கலை. இனிமே போய் யார்கூடச் சண்டை போடறது?”

“சரிம்மா.” சான்றிதழை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“உக்காருங்க. ஒரு உபகாரம். உங்க ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதணும். எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியல, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

“எதுக்கும்மா?”

“எழுதுங்க சொல்றேன். ‘அய்யா, மழைன்னும் வெயில்னும் பாக்காம மூணு வருஷம் வந்தாரு.’ எழுதிட்டீங்களா?”

“ம்.”

“‘ஒரு நாளும் அலட்சியமா இருந்ததில்ல. அவரை மாதிரி ஒரு ஆளு கிடைச்சது என் அதிர்ஷ்டம்.’”

“அதெல்லாம் வேண்டாம்மா.”

“உங்களைப் பத்தி நான் சொல்றேன், உங்களுக்கு என்ன வந்துது? ‘என் தங்கச்சியும் கடைசிவரைக்கும் அவரை விசாரிச்சா.’ இதை விட்டுறாதீங்க.”

விடவில்லை. ஒற்றுப்பிழை இல்லாமல், கோடு போட்டதுபோல் நேராக எழுதினார். அந்த அம்மா தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, எழுத்தே தட்டுப்படல? கொஞ்சம் அழுத்தி எழுதிக் குடுங்க.”