படகில் ஏறிய நாள்

ஹனோவரில் உள்ள வியட்நாமியப் புத்த கோயிலில், இறந்தவர்களின் படங்கள் வைக்கும் கூடத்தில் நிற்கிறேன். பக்கத்தில் ஒரு முதியவர் தன் மனைவியும் மகளும் இருக்கும் படத்தைத் துடைத்து வைக்கிறார். வியட்நாம் போர் முடிந்தபின், இவருக்கு முந்திய படகில் தப்பிப் புறப்பட்ட இருவரும் கரை சேரவேயில்லை. நாற்பது வருடமாகக் காத்திருந்தாராம்.

"ஏன் இப்ப வைக்கிறியள்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்கிறேன்.

"எனக்குப் புற்றுநோய். இனிக் காத்திருக்க ஆளில்லை. இறந்த திகதியைக் கோயிலில கேட்டவை. படகில ஏறின நாளைத்தான் குடுத்தனான்."

ஊதுபத்தியை எடுத்தவர் அதைப் படத்தின் முன்னால் பிடிக்கிறார். பிறகு அதை என்னிடம் நீட்டுகிறார்.

"நீங்கள் கொளுத்துங்கோ, தம்பி. என்னால ஏலாது."

நான் கொளுத்துகிறேன். அவர் சுவரில் தலையைச் சாய்த்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.