துப்பாக்கிக்கு ஒரு மலிவு ஸ்டாக்

கத்தாரில், ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்டில் எட்டு வருஷம் பைப் ஃபிட்டராக இருந்தவனுக்குத் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்கள். சம்பந்தம் ஒன்றும் இல்லைதான். அமீரகத்தில் புஜைராவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் பராமரிப்பு வேலைக்கு ஆள் கேட்டார்கள், வந்து சேர்ந்தேன். ஏசி, கதவு, இலக்குப் பலகை நகரும் தண்டவாளம் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. விசா முடிய ஒரு மாதம் இருந்தபோதும், புதுப்பிப்போம் என்ற வார்த்தை மேனேஜர் வாயிலிருந்து வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். கிளப்பின் பயிற்சித் துப்பாக்கிகள் பன்னிரண்டிலும் ஸ்டாக், அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டைப் பகுதி, வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. துப்பாக்கி செய்த கம்பெனியின் ஸ்டாக் யானை விலை. அதில் நாலில் ஒரு பங்கு விலைக்கு வேறொரு கம்பெனி பிளாஸ்டிக் ஸ்டாக் விற்பதைக் கண்டுபிடித்து, "இது போதும் சார்" என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அங்கே சுடக் கற்றுத்தரும் நேபாளி கோச்சுக்கு அது பிடிக்கவில்லை. மலிவானது எதுவுமே அவருக்குப் பிடிக்காது. கடைசியில் ஒன்றை மட்டும் வரவழைத்தார்கள். நான் மாட்ட வேண்டும், கோச் சுட வேண்டும், நான் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

ஸ்டாக்கைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. கன்னம் வைக்கும் இடத்தை ஏற்றி இறக்கலாம், ஆள் உயரத்துக்குத் தக்கபடி நீளத்தையும் மாற்றலாம். பேரல், அதாவது குண்டு போகும் குழாய், ஸ்டாக்கில் உரசக் கூடாது. துப்பாக்கியை அதில் உட்காரவைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தேன், தடையில்லாமல் வழுக்கிப் போனது. பெட்டியில் ஒரு சின்ன அட்டை கிடந்தது. துப்பாக்கியை ஸ்டாக்கோடு பூட்டும் இரண்டு ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஸ்க்ரூ முடுக்க எனக்கே பாடமா என்று அதை டிராயரில் எறிந்தேன். கேஸ் பிளான்ட்டில் ஒரு நட்டு தளர்ந்தாலும் எத்தனை உயிர் போகும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்திருந்தார்கள். கை ஓயும்வரை முடுக்கினேன்.

மறுநாள் காலை கோச் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் ஐந்து திசையில் போயின. மறுபடி ஐந்து, அதே கதை. "ஸ்டாக் கராப் ஹை, பாய்" என்று, ஸ்டாக் மோசம் என்பதை இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆபீஸில் டைப் செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் போய், ஸ்டாக் தரமில்லை, வேண்டாம் என்று ரிப்போர்ட் அடிக்கச் சொன்னேன். என் வாயால் சிபாரிசு செய்ததை என் வாயாலேயே மோசம் என்று சொல்லும்படி ஆயிற்றே என்று அந்தக் கம்பெனிக்காரனை மனசாரத் திட்டினேன்.

திருப்பி அனுப்புவதற்காக ஸ்டாக்கைக் கழற்ற உட்கார்ந்தேன். ஸ்க்ரூ அசையவில்லை. உடம்பு பாரத்தையெல்லாம் கையில் கொடுத்துத் திருகியபோது, படக்கென்று விட்டது. அதே நொடியில் பேரல் ஒரு மயிரிழை மேலே எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். நான் முடுக்கிய முடுக்கில் பிளாஸ்டிக் அமுங்கி, இரும்பே வளைந்து நின்றிருக்கிறது. அது எப்படி நேராகச் சுடும்? டிராயரைத் திறந்து அட்டையைப் பார்த்தேன். அதில் சொன்ன அளவு, இரண்டு விரலால் திருகினாலே வந்துவிடும்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் செய்யாத குற்றத்துக்கு அந்த ஸ்டாக் பெட்டிக்குள் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆபீசுக்கு ஓடினேன்.

"தங்கச்சி, ரிப்போர்ட் போயிருச்சா?"

"இன்னும் அனுப்பேல்லை அண்ணை. ஏன், என்ன நடந்தது?"

"அனுப்பாதீங்க. ஸ்டாக் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது."

மறுநாள் அட்டையில் சொன்னபடி மாட்டிக் கொடுத்தேன். ஸ்டாக்கின் உள்ளே அமுங்கிய தழும்பு லேசாகத் தெரிந்தது, விரிசல் இல்லை. கோச் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தையும் ஒரு கோட்டுப் பொத்தானால் மூடிவிடலாம். அவர் ஸ்டாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும் எனக்கு.

ரிப்போர்ட்டை மறுபடி அடித்தோம். முதல் நாள் குண்டு சிதறியதற்குக் காரணம் ஸ்டாக் அல்ல, பூட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியதே என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"இதை எழுதத்தான் வேணுமோ அண்ணை? விசா நேரம்."

"எழுதுங்க."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கூப்பிட்டு மேனேஜரின் பதிலைத் தமிழில் சொன்னாள். மீதிப் பதினொன்றுக்கும் இதே ஸ்டாக் வாங்கலாம். பூட்டுகிற வேலையை இந்த ஆள் மட்டும்தான் செய்ய வேண்டும்.

விசாவைப் பற்றி ஏதாவது சொல்வாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"என்ன அண்ணை பாக்கிறீங்கள்? பாஸ்போர்ட் கொப்பியைத் தாங்கோ. நாளைக்கு விசா மெடிக்கலுக்குப் போகவேணும்."