சீவி எறிந்த வரி

பிள்ளைகளே, அரைத்தவணை லீவில் ஒரு வியாழக்கிழமை, காலை 9.40க்கு நானும் என் மகள் தாரணியும் ஹரோ ஒன் த ஹில் நிலையத்தில் ரயில் ஏறினோம். அவளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உங்களோடு இருந்து படிக்கிறவள்தான். பதினொரு வயதுக்குக் கீழே என்றபடியால் அவளுக்கு ரயிலில் காசு கட்டத் தேவையில்லை.

நாங்கள் போனது நடு லண்டனில் இருக்கிற ஒரு சின்ன மியூசியத்துக்கு. பழைய காலத்துச் சீனர்கள் மூங்கிலிலும் மரத்திலும் எழுதியவை மட்டும்தான் அங்கே இருக்கின்றன. "போறனீங்கள்தானே, எங்கட ஆண்டு மலருக்குப் பிள்ளையள் வாசிக்க ஒரு பயணக் கட்டுரை எழுதித் தாங்கோவன்" என்று உங்கள் டீச்சர் கேட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் தாரணி அந்த மலரைப் பற்றியே கதைத்தாள். 'என் அப்பா' என்று அவள் எழுதிய கட்டுரை அதற்குத் தெரிவாகியிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முதல்நாள், அவள் குளிக்கப் போன நேரம், குசினி மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து வாசித்தேன். என் வேலையைப் பற்றி நாலைந்து வரி எழுதியிருந்தாள். உங்களில் பலருடைய அப்பா அம்மா டாக்டர்கள், இஞ்சினியர்கள். அவர்கள் அதை வாசிப்பார்களே என்று எனக்குக் கூசியது. அவளுடைய அழிறப்பரை எடுத்து அழித்தேன். அவளுடைய பென்சிலாலேயே, அவள் எழுதுவதுபோல வளைத்து, 'என் அப்பா போக்குவரத்து நிறுவனத்தில் அதிகாரியாக இருக்கிறார்' என்று எழுதினேன். தூளை ஊதிவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

10.10க்கு யூஸ்டன் ஸ்குயரில் இறங்கி, பத்து நிமிடம் நடந்தோம். மியூசியம் ஒரு பின்தெருவில், பல் வைத்தியரின் கதவுக்கும் சைக்கிள் கடைக்கும் இடையில் இருக்கிறது. மூன்று அறைகள். உள்ளே போகக் காசு கேட்பதில்லை.

வாசலில் நின்ற காவலாளி எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"அண்ணை யாழ்ப்பாணமோ?"

"ஓம். நீங்கள்?"

"பருத்தித்துறை. ரமணன் எண்டு கூப்பிடுங்கோ. இஞ்ச ஆறு வருசம். சீனத்தில ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா எது எந்தப் பெட்டியில எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். வாற சனம் கூடுதலாக் கேக்கிறது டொய்லெட் எங்க எண்டுதான்." தாரணி சிரித்தாள். "அண்ணை எங்க வேலை?"

"போக்குவரத்தில."

"டிரைவரோ?"

"இல்லை. ஒபிஸ் பக்கம்."

தாரணி என் கையை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் அறையில் மூங்கில் சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலம். அகலம் போதாததால் எழுத்து மேலிருந்து கீழே இறங்குகிறது. பல சட்டங்களை நூலால் பாய்போலக் கோத்து, சுருட்டிக் கட்டி வைத்தார்களாம். கடதாசி பரவுவதற்கு முன் அதுதான் அவர்களுக்குப் புத்தகம். இரண்டாவது அறையில் மரச் சட்டங்கள். பாலைவன எல்லையில் காவல் நின்ற படையாட்கள் எழுதியவை: யார் எந்தக் கோபுரத்தில் நின்றான், யாருக்கு எவ்வளவு தானியம் என்று. இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் மை கறுப்பாகவே இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஓலையில் கூரான ஆணியால் கீறினார்கள், கீறினால் கீறினதுதான். இவர்கள் தூரிகையும் மையும் வைத்து எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கத்தியும் இருந்தது.

11.15க்கு மூன்றாவது அறை. அங்கே ஒரு பெட்டி நிறைய மரச் சீவல்கள், பென்சில் சீவியதுபோல மெல்லிசாக. ஒவ்வொன்றிலும் அரை எழுத்து, கால் எழுத்து.

"இது என்ன அங்கிள், குப்பையோ?" என்றாள் தாரணி.

"குப்பைதான் பிள்ளை. அந்தக் காலத்து அழிறப்பர் தூள்!" என்றார் ரமணன். "பிழை விட்டா அந்தக் கத்தியால சீவிப்போட்டு, அதே மரத்தில திரும்ப எழுதுவினம். நல்லா எழுதினது கனக்க உக்கிப் போச்சு. வேண்டாமெண்டு எறிஞ்சது மணலுக்குள்ள கிடந்து மிஞ்சிப்போச்சு. இப்ப பெரிய பெரிய படிச்ச ஆக்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இதைத்தான் வாசிக்கினம்."

தாரணி பெட்டியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"அப்பாவும் என்ர கட்டுரையில இப்பிடிச் செய்தவர்."

ரமணன் சிரித்தார். "அப்ப நீர் பிழையா எழுதினீரோ?"

"இல்லை. பிழை இல்லை."

"பிறகு என்ன எழுதியிருந்தனீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு, "மறந்துபோனன் அங்கிள்" என்றாள்.

அவள் மறக்கவில்லை. வாசலில் நான் சொன்ன பொய் உடையாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னதை நின்று கேட்டேன். ரமணன் அந்தச் சீவல்களைப் பற்றி இன்னும் ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

12.30க்குத் திரும்பும் ரயில். காலையில் கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்சைத் தாரணி பாதி பிய்த்து எனக்குத் தந்தாள்.

"பஸ் கழுவுறது கூடாத வேலையோ அப்பா?"

"இல்லையம்மா."

"அப்ப ஏன் அழிச்சனீங்கள்?"

வெம்பிளி பார்க் போனது. ஹரோவில் இறங்கியதும் மேடையில் நின்றே டீச்சருக்கு டெலிபோன் எடுத்தேன். ஒரு வரி மாற்ற வேண்டும் என்றேன்.

"ஐயோ, பிள்ளையளின்ர பகுதி அச்சுக்குப் போயிட்டுதே! இனித் தொட ஏலாது. உங்கட பயணக் கட்டுரைக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்கிறம்" என்றார்.

சரி, அந்த இடம் போதும்.

பிள்ளைகளே, இந்த மலரில் சில பக்கங்களுக்கு முன்னால் தாரணியின் கட்டுரை இருக்கும். அதில் அதிகாரி என்று வருகிற வரி அவள் எழுதியது அல்ல, நான் எழுதியது. அது பொய். நான் பஸ் டிப்போவில் துப்புரவு வேலை செய்கிறேன். அந்த மியூசியத்தின் துண்டுப்பிரசுரம்கூட ஒரு பஸ்ஸில், கடைசிச் சீட்டுக்குக் கீழே கூட்டும்போதுதான் எனக்குக் கிடைத்தது. ரமணன், உங்களுக்கும் நான் பொய்தான் சொன்னேன். அடுத்த கிழமை வந்து நேரில் சொல்லுகிறேன்.

நான் அழித்தது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. தாரணி எழுதியது இதுதான்:

'என் அப்பா பஸ் கழுவுவார். சீட்டுக்குக் கீழே ஒற்றைக் கையுறை கிடந்தால் அதை எறிய மாட்டார். டிப்போக் கம்பிவேலியில் வரிசையாகக் கொழுவி வைப்பார். ஒருநாள் நான் பார்த்தேன், பதினொன்று இருந்தது. தொலைத்த ஆட்கள் வந்து எடுப்பார்கள் என்று அப்பா சொன்னார்.'