சான்றுப்பொருளாகிப் போன இஸ்திரி மிஷின்

இஸ்திரிக்கடை அக்கா மனிதர்களை முகத்தை வைத்து எடைபோடுவதில்லை. காலரைப் பார்ப்பாள். "மக்களுக்காக வேர்வை சிந்துறேன்னு மேடையில கத்துறான் பாரு, அவன் சட்டை நம்மகிட்டதான் வருது. அதுல வேர்வை இருந்து நான் பாத்ததே இல்லடி" என்பாள் நாத்தனாரிடம். கணவன் தூரத்து வேலைக்குப் போய்விட்டதால் கடையில் இருந்தது இவர்கள் இருவர்தான். அக்கா தேய்ப்பாள், நாத்தனார் மடிப்பாள். இருவரும் சேர்ந்து திட்டுவார்கள்.

கடனில் ஒரு ஆவி இஸ்திரி மிஷின் வாங்கினாள். கீழே மெத்தை வைத்த பலகை, மேலே சூட்டுத்தகடு. பொத்தானை அழுத்தினால் தகடு இறங்கி, புஸ்ஸென்று ஆவி விட்டு, எழும்பும். அதன் வயிற்றுக்குள் கடன் கம்பெனி ஒரு பூட்டை வைத்திருந்தது. தவணை பிந்தினால், கம்பெனிக்காரன் எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்தபடி போனில் ஒரு தட்டு தட்டுவான். மிஷின் நின்றுவிடும்.

ஒருமுறை தவணை பிந்தியது. அவன் தட்டிய நேரத்தில் தகடு கீழே இறங்கியிருந்தது. எழும்பவில்லை. அடியில் கிடந்தது ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு. முதுகெல்லாம் கருகிப்போனது. மாப்பிள்ளை பேசிய பேச்சை அக்கா இன்னும் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. தவணையைக் கட்டிய பிறகுதான் கம்பெனிக்காரன் பூட்டைத் திறந்தான்.

கடன்காரர்களிடமிருந்து மக்களைக் காக்கவென்று ஓர் ஆணையம் இருந்தது. ஓர் ஆட்சி அதற்குப் பல் கட்டியது. அடுத்த ஆட்சி பல்லைப் பிடுங்கியது. மூன்றாவதாக வந்தவர்கள், அதற்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என ஆராய ஒரு குழுவைப் போட்டார்கள். அக்கா எழுதிய புகார் அந்தக் குழுவிடம் போய் விழுந்தது.

குழுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அசல் ஏழை, அசல் அநியாயம், அதுவும் தானாக வந்து மாட்டியிருக்கிறது! ஆட்களோடு கடைக்கே வந்துவிட்டார்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க மிஷினைக் கம்பெனிக்காரன் தொட முடியாது. நாங்க இருக்கோம்."

சொல்லிவிட்டு, அவரே தூக்கிக்கொண்டு போனார். சான்றுப்பொருளாம். அரக்கு வைத்துச் சீட்டு ஒட்டி, குழு கூடும் கட்டடத்தில் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை சான்றுப்பொருள் வாசலைத் தாண்டக்கூடாது என்பது விதி.

"அண்ணி, திருடன் கொண்டுபோனா போலீசுல சொல்லலாம். காப்பாத்துறவன் கொண்டுபோனா யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றாள் நாத்தனார்.

அக்கா பழைய கை இஸ்திரிப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்தாள். தோள்பட்டை கழன்றது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்த்தெருக் கடைக்கு நழுவினார்கள். தவணை மட்டும் வழி தவறாமல் மாதாமாதம் வந்து நின்றது. இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதற்குக் கம்பெனிக்காரன் போனைத் தட்டவும் வேண்டாம்.

குழு சும்மா இருக்கவில்லை. ஊரார் துணியைத் தேய்க்கிறவள் நுகர்வோரா, வியாபாரியா என்று வாதாடிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டத்தில் நுகர்வோர் என்றார்கள். அடுத்ததில் வியாபாரி என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் ஏசி வேலை செய்யவில்லை என்று கலைந்துபோனார்கள்.

ஒருவழியாக அக்காவைக் கூப்பிட்டார்கள். நாத்தனாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நீள மேசையின் ஒரு பக்கம் தலைவரின் ஆட்கள், மறுபக்கம் எதிர்க்கட்சி. அழ வசதியாக அக்காவின் முன்னால் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. மூலையில், கழுத்தில் டை கட்டிய கம்பெனி அதிகாரி. அவருக்காகப் பேச எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். உடம்பை விட ஒரு சுற்று பெரிய கம்பளிக் கோட்டு. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் கோட்டு போட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

"பூட்டு இருக்கிறதாலதான் ஏழைங்களுக்குக் கடனே கிடைக்குது. பூட்டு ஏழையோட நண்பன்! அதால ஒரு நூல் கூடக் கெடாது. சந்தேகமா? இந்தாங்க என் கோட்டு. பூட்டிக் காட்டுங்க!"

அக்கா எழுந்தாள். "ஐயா, வேணாம். பூட்டினா தகடு எழும்பாது. அதைத்தானே புகார்ல எழுதியிருந்தேன்."

மேசையில் ஆளுக்கொரு பிரதி கிடந்தது. எல்லாவற்றின் மேலும் தேநீர்க் கோப்பை.

"செய்ங்கம்மா, அவர் ஆசைப்படுறாரு" என்றார் தலைவர். எதிராளியின் கோட்டு என்றதும் அவர் முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே!

ஓரத்தில் அரக்குச் சீட்டோடு நின்ற மிஷினைச் சூடாக்கி, அக்கா கோட்டை விரித்துப் பொத்தானை அழுத்தினாள். தகடு இறங்கியது. டை கட்டியவர் போனைத் தட்டினார். மிஷின் உறைந்தது. தகடு அப்படியே கிடந்தது. சூடு மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

"போதும், திறங்க" என்றார் கோட்டுக்காரர்.

டை கட்டியவர் தட்டினார். மறுபடி தட்டினார். "சார், இந்தச் சுவர் தடிமனா இருக்கு. இப்ப சிக்னல் போயிடுச்சு."

கம்பளி கருகும் நாற்றம் மேசை முழுக்கப் பரவியது.

"தூக்குங்கய்யா! யாராவது தூக்குங்க!"

"பூட்டு உங்க நண்பன்தானே ஐயா. நீங்களே சொல்லிப் பாருங்க, கேக்கும்" என்றாள் அக்கா.

நாத்தனார் காகிதக் கைக்குட்டை ஒன்றை உருவி அவரிடம் நீட்டினாள்.

கடைசியில் டை கட்டியவர் மண்டியிட்டு, மிஷினின் வயிற்றைத் திறந்து, பூட்டை ஒயரோடு பிய்த்தெடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். தகடு பெருமூச்சு விட்டு எழுந்தது. கோட்டின் முதுகில் பழுப்பாக ஒரு பெரிய வாய் திறந்திருந்தது.

எந்த நாளிலும் எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் அன்றைக்கு ஒத்துப்போயின. மாப்பிள்ளையின் கோட்டு கருகியபோது வராத ஒற்றுமை. உறுப்பினர்களின் பாதுகாப்புக்கு ஆபத்தான இந்தப் பொருளை உடனே கட்டடத்தை விட்டு அகற்ற வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். சான்றுப்பொருள் விதி யாருக்கும் நினைவு வரவில்லை. பூட்டைத் தடைசெய்யும் மசோதாவா? அது அடுத்த கூட்டத்தொடருக்கு.

வாசலில் தலைவர் ஓடிவந்தார். "அம்மா, வெளியில பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. குழு உங்களுக்கு மிஷினை மீட்டுக் குடுத்துச்சுன்னு ஒரு வார்த்தை..."

"சொல்றேனே. வண்டி வாடகை யாரு குடுக்குறா?"

தலைவருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது.

கருகிய கோட்டை யாரும் எடுத்துப்போகவில்லை. மிஷினோடு அதுவும் கடைக்கு வந்து சேர்ந்தது. நாத்தனார் அதைத் தடவிப் பார்த்தாள். "முதுகுதான் போச்சு அண்ணி. முன்பக்கம் அசல் கம்பளி."

பலகையின் மெத்தைத் துணி நெடுநாளாகவே நைந்து கிடந்தது. அக்கா கோட்டின் முன்பக்கம் இரண்டையும் வெட்டி, சேர்த்துத் தைத்து, பலகையில் இழுத்துக் கட்டினாள்.

"அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டா போவீங்களா?"

"மிஷின் இனி வாசப்படி தாண்டாது. அந்தக் கோட்டுக்காரர் வேணா வந்து, தன் நெஞ்சு இங்க என்ன பாடுபடுதுன்னு பாத்துட்டுப் போகட்டும்."

எதிர்த்தெருவிலிருந்து திரும்பி வந்த முதல் சட்டையை விரித்து, அக்கா பொத்தானை அழுத்தினாள்.